அதே பெயர், வேறு வேகம்

உங்களிடம் ஒரு கேமிங் லேப்டாப் இருக்கிறது. தண்டையார்பேட்டையில் உங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் நண்பரிடமும் ஒன்று இருக்கிறது. தயாரித்த நிறுவனங்கள் வேறு. உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் சில்லின் பெயர் ஒன்றுதான்: என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060. இரண்டிலும் ஒரே கேமை ஓட்டுகிறீர்கள். அவர் திரையின் மூலையில் 100 என்று காட்டுகிறது. உங்கள் திரையில் 60. வீட்டில் தவணை போட்டு ஒரு லட்சம் ரூபாய் அளவுக்கு வாங்கிக் கொடுத்த பொருள். பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா?

விளையாடுகிறவர்களுக்கு மட்டும் உரிய கவலையல்ல இது. பிளெண்டர் என்ற மென்பொருளில் உருவங்கள் செய்து பழகுகிறவர், இயந்திர வடிவமைப்பு மென்பொருள் ஓட்டும் பொறியியல் மாணவர், இயந்திரக் கற்றல் பயில்கிறவர் எல்லோரும் அதே சில்லைத்தான் நம்பியிருக்கிறார்கள். அது சரியாக உழைக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

வழி எளியது. 100-க்கும் 60-க்கும் நடுவே இருக்கும் 40-ஐ, அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும். முழுவதும் பிரிந்துவிட்டால் உங்கள் லேப்டாப் நலம். எந்தக் காரணத்தின் பங்கிலும் சேராத மிச்சம் ஒன்று நின்றால், பழுது அங்கேதான் இருக்கிறது.

மூலையில் ஓடும் எண்

திரையில் நாம் பார்க்கும் அசைவு, அடுத்தடுத்து வரையப்படும் அசையாப் படங்களின் வரிசை. ஒவ்வொரு படத்தையும் ஃபிரேம் என்கிறோம். ஒரு நொடியில் எத்தனை ஃபிரேம் என்பதே மூலையில் ஓடும் எண். நொடிக்கு 60 என்றால் ஒரு படத்தை வரைய 16.7 மில்லிநொடி ஆகிறது. 100 என்றால் 10 மில்லிநொடி.

வரையும் வேலையைச் செய்வது வரைகலைச் செயலி, அதாவது ஜிபியு. சாதாரண முழு எச்டி திரையில் 1920-க்கு 1080 என்று 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகக் கணக்கிட வேண்டும். அதற்காகவே ஜிபியுவுக்குள் ஆயிரக்கணக்கான சிறு கணக்கர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். இவர்களுக்குக் கோர் என்று பெயர். லேப்டாப்பின் ஆர்டிஎக்ஸ் 4060-இல் 3072 கோர்கள் உண்டு.

இங்கேயே முதல் பங்கு கிடைத்துவிடுகிறது. உங்கள் லேப்டாப்பின் திரை 2560-க்கு 1440 என்று வைத்துக்கொள்வோம். நண்பருடையது 1920-க்கு 1080. உங்கள் ஜிபியு ஒவ்வொரு படத்துக்கும் 36,86,400 புள்ளிகளை நிரப்புகிறது. அவருடையதைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு வேலை. கேமின் செட்டிங்ஸில் போய் உங்கள் அளவையும் 1920-க்கு 1080 ஆக்குங்கள். நிழல், பிரதிபலிப்பு முதலிய மற்ற எல்லாத் தெரிவுகளையும் இருவரும் ஒன்றாக்குங்கள். எண் 60-இலிருந்து 82-க்கு ஏறுகிறது என்று கொள்வோம். 1.8 மடங்கு ஏறவில்லை. ஏனென்றால் எல்லா வேலையும் புள்ளிகளின் எண்ணிக்கையைச் சார்ந்ததல்ல. ஆனாலும் 40-இல் 22 பழுதே அல்ல என்று தெரிந்துவிட்டது. (இந்த எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் கேமில் வேறாக இருக்கும்.)

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். எண் ஏறாமல் இறங்காமல் 60-லேயே ஆணி அடித்தாற்போல் நின்றால், திரையின் வேகத்துக்கு மேல் வரையாதே என்று கேமின் செட்டிங்ஸே ஜிபியுவைக் கட்டிப்போட்டிருக்கிறது. விசிங்க் என்ற அந்தத் தெரிவை நிறுத்திவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

பெயருக்குப் பின்னால் உள்ள வாட்

மிச்சம் 18. இரண்டு சில்லுகளின் பெயரும் ஒன்று, கோர்களும் ஒன்று. அப்படியும் ஏன் 82-உம் 100-உம்?

மேசைக் கணினியில் வைக்கும் கார்டுக்கு ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரம் கிடைக்கும். லேப்டாப்பில் அப்படியில்லை. லேப்டாப்பின் ஆர்டிஎக்ஸ் 4060-க்கு என்விடியா விதித்திருக்கும் மின்திறன் வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. மெல்லிய, எடை குறைந்த லேப்டாப் செய்ய விரும்பும் நிறுவனம் கீழ்ப்பக்க எண்ணைத் தேர்ந்தெடுக்கும். கனமான உடலும் பெரிய ஃபேன்களும் வைக்கும் நிறுவனம் மேல்பக்க எண்ணை. வெளியே ஒட்டும் ஸ்டிக்கர் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். முன்பு குறைந்த வாட் வகைகளை மேக்ஸ்-கியூ என்ற பெயரால் ஓரளவு பிரித்தறிய முடிந்தது. 2021-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசையோடு சில்லின் பெயரிலிருந்து அந்த அடையாளமும் போய்விட்டது.

உங்கள் எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறந்தால், மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர் என்ற வரியில் வாட் இருக்கும். உங்களுடையது 65, நண்பருடையது 115 என்று கொள்வோம்.

வாட் பாதியானால் வேகமும் பாதியாகும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி ஆவதில்லை. சில்லை வேகமாக ஓட்ட அதன் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். செலவாகும் மின்திறன் வேகத்தோடும் ஏறும், மின்னழுத்தத்தின் இருமடியோடும் ஏறும். ஆகவே உச்ச வேகத்தை ஒட்டிய கடைசிச் சில அடிகளுக்குத்தான் மின்சாரம் மிக அதிகமாகச் செலவாகிறது. திருப்பிச் சொன்னால், மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்தாலும் வேகம் ஐந்தில் ஒரு பங்கு அளவே குறையும். தோராயமான விதிதான், ஆனால் நம் வேலைக்குப் போதும்.

115-இலிருந்து 65 என்பது பாதியைவிடச் சற்றே அதிகம். விதிப்படி உங்கள் லேப்டாப் நண்பருடையதில் 83 விழுக்காடு வேகம் தர வேண்டும். அவருக்கு 100 என்றால் உங்களுக்கு 83. நீங்கள் அளந்தது 82. கணக்கு முடிந்தது. உங்கள் லேப்டாப்பில் எந்தப் பழுதும் இல்லை. வாங்கும்போது கடைக்காரரிடம் வாட் எவ்வளவு என்று கேட்டிருந்தால் இது அன்றே தெரிந்திருக்கும்.

கணக்கு முடியாமல் உங்கள் எண் 83-க்கு வெகு கீழே நின்றிருந்தால், முதலில் சார்ஜரைப் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது ஜிபியுவின் வேகம் பெரிதும் குறைக்கப்படும், அதுதான் இயல்பு. 90 வாட்-மணி பேட்டரியிலிருந்து 150 வாட் உறிஞ்சினால் 36 நிமிடத்தில் அது காலியாகிவிடும். பெட்டியோடு வந்த பெரிய சார்ஜருக்குப் பதிலாகச் சிறிய டைப்-சி சார்ஜரைச் செருகினாலும் இதே கதைதான். பிறகு, லேப்டாப் நிறுவனத்தின் மென்பொருளில் அமைதி, சமநிலை, முழுவேகம் என்று சில நிலைகள் இருக்கும். ஒப்பிடும் இருவரும் ஒரே நிலையில் இருக்க வேண்டும்.

கத்திரி வெயிலில் என்ன நடக்கிறது

இப்போது உங்கள் நண்பரின் பக்கம் போவோம். போன டிசம்பரில் 100 காட்டிய அவருடைய லேப்டாப், மே மாதப் பிற்பகலில் 75 காட்டுகிறது. வெயில்தான் காரணம் என்கிறார். உண்மையா?

ஜிபியு வாங்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறுகிறது. செப்புக் குழாய்கள் அதைச் சில்லிலிருந்து ஓரத்துக்குக் கடத்துகின்றன. அங்கே மெல்லிய தகடுகளின் இடையே ஃபேன் காற்றை ஊதி வெப்பத்தை வெளியேற்றுகிறது. நொடிக்கு எவ்வளவு வெப்பம் வெளியேறும் என்பது, சில்லுக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைச் சார்ந்தது. வித்தியாசம் இரட்டித்தால் வெளியேறும் வெப்பமும் ஏறக்குறைய இரட்டிக்கும்.

சில்லு எவ்வளவு சூடாகலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. பல லேப்டாப்களில் அது 87 பாகை செல்சியஸ் அளவில் வைக்கப்பட்டிருக்கிறது. எல்லையைத் தொட்டதும் சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதை வேகத் தணிப்பு என்று சொல்லலாம்.

நண்பரின் லேப்டாப்பில் ஒரு பாகை வித்தியாசத்துக்கு 2 வாட் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏசி போட்ட 24 பாகை அறையில் வித்தியாசம் 63. ஆகவே 126 வாட் வரை வெளியேறும். ஜிபியுவுக்குத் தேவை 115. எந்த இடைஞ்சலும் இல்லை. மே மாதத்தில் ஏசி இல்லாத மாடி அறையில் 38 பாகை. வித்தியாசம் 49 ஆகச் சுருங்குகிறது. 98 வாட்தான் வெளியேறும். ஜிபியு 115-இலிருந்து 98-க்கு இறங்கியாக வேண்டும். மேலே பார்த்த விதிப்படி வேகம் 5 விழுக்காடு குறையும். 100 இருந்த இடத்தில் 95.

ஆக, வெயிலின் பங்கு 5 மட்டுமே. இழந்ததோ 25. மிச்சம் 20-க்கு வெயிலைக் குறை சொல்ல முடியாது. அளவைக் கணக்குப் பார்க்காமல் காரணத்தை மட்டும் சொல்லித் திருப்தி அடைந்திருந்தால், நண்பர் ஜூன் மாதம் வரட்டும் என்று சும்மா இருந்திருப்பார்.

இன்னொரு சுவையான விஷயம்: அதே அறையில் உங்கள் 65 வாட் லேப்டாப்பை ஓட்டினால் அதற்கு ஒரு இழப்பும் வராது. வெளியேற்ற வேண்டிய வெப்பமே குறைவு என்பதால், ஓரளவு நல்ல குளிர்விப்பு அமைப்பு இருந்தால் மே மாதத்தையும் அது தாங்கிவிடும்.

சென்னைப் புழுக்கம் லேப்டாப்பை வாட்டுமா என்றும் சிலர் கேட்பார்கள். நம் உடல் வியர்வை ஆவியாவதால் குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது, ஆகவே தவிக்கிறோம். லேப்டாப்புக்கு வியர்வை இல்லை. காற்றின் வெப்பநிலை மட்டுமே அதற்குக் கணக்கு. கோடைப் பகலில் நிலம் சூடாகி, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே நுழையும்போது, கரையோரத்தில் இருக்கும் தண்டையார்பேட்டைக்கு அது அம்பத்தூருக்கு முன்பே வந்து சேர்ந்துவிடும். கசகசப்பு கூடும், ஆனால் வெப்பமானி இறங்கும், லேப்டாப்புக்கு லாபம்தான். மேற்கிலிருந்து வரும் அனல் காற்று வலுவாக வீசிக் கடற்காற்று தாமதமாகும் நாட்களே சோதனை. 2003 மே 31-இல் நுங்கம்பாக்கத்தில் 45 பாகை பதிவானது.

கடலோரத் தூசி

அந்த மிச்சம் 20 எங்கே போனது? வட சென்னையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது தூசியை. எண்ணூர் விரைவுச்சாலையிலும் மணலிச் சாலையிலும் இரவும் பகலும் போகும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, சன்னல் வழியே வந்து ஃபேனுக்குள் போகிறது. அதோடு கடல் காற்றில் மிதந்து வரும் நுண்ணிய உப்பும் சேர்கிறது. சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால், அது காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். சென்னையின் அதிகாலைகள் பெரும்பாலும் இந்த அளவைத் தாண்டுபவை. உப்பு கரைந்து தூசியை ஈரமாக்கும், பகலில் காயும், மறுநாள் மேலும் ஓர் அடுக்கு சேரும். தகடுகளின் இடையே அது அப்பமாய் ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து ஊதினால் போகாது. பின்மூடியைக் கழற்றி, ஃபேனை எடுத்து, தூரிகையால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

காற்று போகும் வழி அடைபட்டு, பாகைக்கு 2 வாட் என்பது 1 வாட் ஆனால் என்ன நடக்கும்? 38 பாகை அறையில் 49 வாட்தான் வெளியேறும். வேகம் 75-க்கு இறங்கிவிடும். நண்பர் அளந்தது அதேதான். சில்லுக்கும் செப்புக்கும் இடையே பூசும் வெப்பப் பசை, அதாவது தெர்மல் பேஸ்ட், காய்ந்து போனாலும் இதே விளைவுதான். இரண்டுக்கும் சேர்த்து மருந்து ஒன்றே: திறந்து சுத்தம் செய்து, புதுப் பேஸ்ட் பூசுவது. வாரண்டி இருந்தால் அதன் விதியைப் படித்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

வெப்பப் பிரச்சினைக்கு ஓர் அடையாளம் உண்டு. முதல் ஓரிரு நிமிடங்கள் எண் நன்றாக இருக்கும். உலோகம் சூடேறச் சூடேற இறங்கும். வாட் வரம்பினால் வரும் குறைவோ முதல் நொடியிலிருந்தே அப்படித்தான் இருக்கும். ஆகவே ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அரை மணி நேரம் ஓட்டுங்கள். 3டிமார்க் என்ற சோதனை மென்பொருளின் கட்டணப் பதிப்பில் ஒரே காட்சியை 20 முறை தொடர்ந்து ஓட்டும் சோதனை இருக்கிறது. 20 சுற்றுகளில் மோசமானது, சிறந்ததில் 97 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால்தான் தேர்ச்சி. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில், இந்த நொடியில் ஜிபியுவின் வேகத்தைத் தடுப்பது மின்சார வரம்பா, வெப்பமா என்று ஒரு வரியே ஓடிக்கொண்டிருக்கும்.

யாருக்காக யார் காத்திருக்கிறார்கள்

ஜிபியு குளிர்ச்சியாக இருக்கிறது, வாட்டும் குறைவாகவே எடுக்கிறது, ஆனாலும் எண் ஏறவில்லை என்றால்? சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் இறக்கும் கிரேன் எவ்வளவு வேகமானதானாலும், கீழே லாரி வந்து நிற்காவிட்டால் சுமையைத் தொங்கவிட்டபடி காத்திருக்கத்தான் வேண்டும். ஜிபியுவும் அப்படித்தான். எந்தப் பொருள் எங்கே நிற்கிறது, எது நகர்ந்தது என்று மையச் செயலி, அதாவது சிபியு, ஒவ்வொரு படத்துக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். அது தாமதித்தால் ஜிபியு சும்மா நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருள் ஒன்றில் ஜிபியுவின் பயன்பாட்டு விழுக்காட்டைப் பாருங்கள். 95-க்கு மேல் என்றால் அது முழுமூச்சாக உழைக்கிறது. 60, 70 என்று நின்றால் அது யாருக்காகவோ காத்திருக்கிறது. உறுதிசெய்ய, படத்தின் அளவை இன்னும் குறைத்துப் பாருங்கள். வரையும் வேலை குறைந்தும் எண் ஏறவில்லை என்றால், தாமதம் சிபியு பக்கம்தான். அங்கே அடிக்கடி காணும் காரணம் ரேம். ஒரே ஸ்டிக்கோடு விற்கப்படும் லேப்டாப்கள் உண்டு. இரண்டாவது இடத்திலும் ஒரு ஸ்டிக் போட்டால் தகவல் போகும் பாதை இருமடங்கு அகலமாகும்.

எல்லோருக்கும் ஒரே குறை இருந்தால்

இதுவரை ஒரு லேப்டாப்பை இன்னொன்றோடு ஒப்பிட்டோம். அது எப்போதும் போதாது என்பதற்கு 2021-இல் ஒரு நிகழ்வு இருக்கிறது. டெல் நிறுவனத்தின் ஏலியன்வேர் எம்15 ஆர்5 லேப்டாப்பில் ஆர்டிஎக்ஸ் 3070 சில்லு வந்தது. அந்தச் சில்லில் 5120 கோர்கள் வேலை செய்ய வேண்டும். வாங்கியவர்களும் விமர்சகர்களும் பார்த்தபோது 4608 மட்டுமே வேலை செய்தன. பத்தில் ஒரு பங்கு கோர்கள் தூங்கிக்கொண்டிருந்தன. சில்லில் குறை இல்லை. ஜிபியுவைக் கட்டுப்படுத்தும் நிரந்தர மென்பொருளில் ஒரு தவறான அமைப்பு. டெல் அதை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது.

அந்த மாடலை வாங்கிய இருவர் தங்களுக்குள் மட்டும் ஒப்பிட்டிருந்தால், இரண்டு எண்களும் ஒத்துப்போயிருக்கும். எல்லாம் இயல்பு என்று நினைத்திருப்பார்கள். பிழை வெளிப்பட்டது, யாரோ ஒருவர் எண்ணை என்விடியா அறிவித்த கோர் கணக்கோடு வைத்துப் பார்த்ததால். 2025 பிப்ரவரியில் மேசைக் கணினிகளுக்கான ஆர்டிஎக்ஸ் 5090 கார்டுகள் சிலவற்றில் படத்தை முடித்துத் தரும் அலகுகள் 176-க்குப் பதில் 168 மட்டுமே இருந்ததையும், பயனர்கள் இப்படித்தான் ஜிபியு-இசட்டில் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். பெரிய நிறுவனங்களின் சோதனைகளைத் தாண்டி வந்த பிழைகளை, வாங்கியவர்களின் கவனம் பிடித்திருக்கிறது.

வாங்கிய வாரத்திலேயே எழுதிவையுங்கள்

ஆக மூன்று ஒப்பீடுகள் தேவை: நிறுவனம் சொன்னதோடு, ஒத்த மற்ற லேப்டாப்களோடு, உங்கள் லேப்டாப்பின் பழைய நாளோடு. முதலாவதுக்கு ஜிபியு-இசட் காட்டும் கோர் எண்ணிக்கையும் கண்ட்ரோல் பேனல் காட்டும் வாட்டும் போதும். இரண்டாவதுக்கு 3டிமார்க்கின் டைம் ஸ்பை சோதனை உதவும். அது ஜிபியுவுக்கும் சிபியுவுக்கும் தனித்தனி மதிப்பெண் தருகிறது. உங்களுடைய அதே சிபியு, அதே ஜிபியு உள்ள மற்றவர்களின் மதிப்பெண்களோடு வைத்துப் பாருங்கள். ஆனால் அங்கே அளந்தவர்களின் அறை எத்தனை பாகை, அவர்கள் லேப்டாப் எத்தனை வாட் என்பது தெரியாது. ஐந்து பத்து விழுக்காடு குறைந்ததற்காக மனம் உடைய வேண்டாம்.

மூன்றாவதுதான் மிகவும் நம்பகமானது, ஏனென்றால் வாட், திரை, ரேம் எல்லாம் மாறாமல் இருக்கும். அதை நீங்கள் மட்டுமே செய்ய முடியும், வாங்கிய வாரத்தில் மட்டுமே தொடங்க முடியும். ஒரே கேம் அல்லது ஒரே சோதனை, ஒரே செட்டிங்ஸ், சார்ஜர் செருகி, முழுவேக நிலையில், அரை மணி நேரம். எழுத வேண்டியவை: அறையின் வெப்பநிலை, ஃபிரேம் எண், ஜிபியுவின் வெப்பநிலை, வாட், பயன்பாட்டு விழுக்காடு, தேதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். எதையாவது சரிசெய்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, உடனே அளந்துவிடுங்கள். பேஸ்டையும் ரேமையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று ஒருபோதும் தெரியாது.

சர்வீஸ் சென்டரிலோ ரிச்சி ஸ்ட்ரீட் கடையிலோ போய், லேப்டாப் ஸ்லோவாக இருக்கிறது என்று சொன்னால், விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றிக் கொடுத்து அனுப்பிவிட முடியும். 30 பாகை அறையில் 115 வாட் எடுத்துக்கொண்டிருந்த ஜிபியு, இப்போது அதே அறையில் பத்து நிமிடத்தில் 87 பாகை தொட்டு 60 வாட்டுக்கு இறங்குகிறது என்று தேதியோடு காட்டினால், பிழை எங்கே என்பதை நீங்களே பாதி சொல்லிவிட்டீர்கள். தட்டிக்கழிக்க அங்கே இடம் இல்லை. அந்த எண்களை எழுதிவைக்க ஒரு மாலைப்பொழுது போதும். ஒரு லட்சம் ரூபாய்ப் பொருளுக்கு அந்த மாலையைக் கொடுக்கலாம்.